மறந்த இடத்தில் நிற்கும் கன்று

ஓடைக்கல்பாளையத்தில் முதல் கன்றுக்குட்டி கம்ப்யூட்டரிலிருந்து இறங்கி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், தாராபுரம் பஸ் போய்ப் புழுதி அடங்கின பிறகு, ரிட்டையர்டு தலைமையாசிரியர் அருணகிரி மவுஸைத் தப்பான மூலையில் வைத்து அழுத்தியபோது; முன்னங்கால் இரண்டையும் மேசைமேல் ஊன்றி, கீபோர்டில் ஒரு குளம்பை வைத்து, பின்னங்காலை உதறிக்கொண்டு அது தரைக்கு வந்தது, வந்த சூட்டோடு மூத்திரம் பெய்தது, பயிற்சி கொடுக்கிற ஜெசிந்தா "ஐயா, காலைத் தூக்கிக்குங்க" என்று சொல்லிவிட்டுத் துணி எடுக்கப் போனாள்.

அந்த இடம் முன்னே விதைக்கடையாக இருந்தது, இப்போது வயசாளிகளுக்கான ஞாபகப் பயிற்சி மையம். பைத்தியம் இல்லை, படுத்த படுக்கை இல்லை, சாவியை எங்கே வைத்தோம், சாப்பிட்டோமா இல்லையா, எதிரே சிரிக்கிறவன் யார் என்கிற அளவுக்கு லேசாக மறதி தட்டியவர்கள் அங்கே வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவார்கள். திரையில் ஒரு பச்சை மைதானம் தெரியும், நடுவில் கண் இமைக்கிற நேரம் ஒரு வண்டி, மாட்டு வண்டியோ டெம்போவோ, அதே நேரம் ஓரத்தில் எங்கேயோ ஒரு கன்று, இரண்டும் மறைந்துவிடும். வந்தது எந்த வண்டி, கன்று நின்றது எந்த மூலை என்று அழுத்திக் காட்ட வேண்டும். பிடித்தால் மணி அடிக்கும், தப்பவிட்டால் அடிக்காது, அவ்வளவுதான் விளையாட்டு. வெளிநாட்டுக்காரன் செய்ததில் கன்றுக்குப் பதில் வேறென்னவோ இருந்ததாம், நம் ஆட்களுக்குப் புரியட்டும் என்று கோயமுத்தூரில் யாரோ மாற்றி வைத்தார்கள். தப்பவிட்ட கன்றுகள் அதுவரை எங்கே போய்க்கொண்டிருந்தன என்று எவனும் கேட்டதில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமையிலிருந்து அவை ஓடைக்கல்பாளையத்துக்கு வந்தன.

வாத்தியாரும் கன்றுமாகத் தெருவில் இறங்கியதும், எதிர் டீக்கடையில் நின்றிருந்த மாட்டுத் தரகர் வெள்ளிங்கிரி கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் போய்க் கன்றின் வாயைப் பிளந்தார், வாலை முறுக்கினார், முதுகில் தட்டினார்.

"வாத்தியாரே, பல்லு போடலை, சுழி சுத்தம். குடுக்கறதுன்னா சொல்லுங்க."

"இது என்னதா இல்லையான்னே தெரியலையே, வெள்ளிங்கிரி."

"அப்ப வெலையைக் கொறச்சே பேசலாம்."

கன்று பேரத்துக்கு நிற்கவில்லை. அது பாட்டுக்கு முன்னால் நடக்க, வாத்தியார் பின்னால் நடக்க, இரண்டு சந்து திரும்பி ஒரு பச்சைக் கேட்டின் முன்னால் போய் நின்றது. அது வாத்தியாரின் சொந்த வீடு. பல மாதமாக வீட்டுத் தடம் மறந்துபோய், பால்காரனின் பின்னாலேயே நடந்து வீடு சேர்ந்துகொண்டிருந்த மனிதர், கேட்டைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் சிரித்தார்.

இப்படித்தான் ஊருக்கு விவரம் பிடிபட்டது. தப்பவிட்டவரோடேயே கன்று வரும். அவர் எதை மறந்தாரோ அங்கே போய் நிற்கும். சாவியை மறந்தால் அரிசி மூட்டையை முட்டும், பெயரை மறந்தால் அந்த ஆளின் கையை நக்கும். நூல்கடை மாராத்தாளின் கன்று பக்கத்து வீட்டு வாசலில் போய்ப் படுத்துக்கொண்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்றது. அந்த வீட்டுக்காரியும் மாராத்தாளும் மாறி மாறி அதை இழுத்துப் பார்த்து, டீ குடித்து, ஊர்க்கதை பேசி, கடைசியில்தான் தாங்கள் இரண்டு பேரும் ஒரு முருங்கை மரத்துக்காகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருப்பவர்கள் என்பது மாராத்தாளுக்கு ஞாபகம் வந்தது. உடனே அங்கேயே, டீ கிளாஸ் கையிலிருக்கும்போதே, விட்ட இடத்திலிருந்து சண்டையை ஆரம்பித்தார்கள். இரண்டு பேர் முகத்திலும் அத்தனை தெளிச்சி.

கன்றுகள் புல் தின்னவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை. வெளிச்சத்தை நக்கின. சாயங்காலமானால் தெருவிளக்குக் கம்பங்களின் கீழே வரிசையாக நின்று அண்ணாந்து நக்கும், விளக்கு கொஞ்சம் மங்கும், மின்வாரியத்து ஆள் வந்து பார்த்துவிட்டு பெரிய பல்பாக மாட்டிவிட்டுப் போவான். உற்றுப் பார்த்தால் அவற்றின் ஓரங்கள் சின்னச் சின்னக் கட்டங்களாகத் தெரியும், மேலே புதுசாகப் பிரித்த டி.வி.யின் வாசம் அடிக்கும். ஆனால் சாணி நிஜச் சாணி, வாசல் தெளிக்க அதைவிட நல்ல சாணி கிடையாது என்று பெண்கள் சட்டியோடு பின்னால் நடந்தார்கள். பேரூராட்சி அலுவலர் தெருவில் திரியும் மாடுகள் என்று எல்லாவற்றையும் தொண்டுப்பட்டியில் அடைத்துப் பார்த்தார். அவை கம்பி வழியாக வெளியே வந்து, அந்த ஒரு தடவை மட்டும், தங்களை அடைத்த அவர் மறந்துபோயிருந்த ஓடைத்தெருச் சாக்கடை முன்னால் கூட்டமாக நின்றன, மறுநாளே ஆள் வைத்துச் சாக்கடையைத் தூர்வாரினார். கல்யாணப் பேச்சில்கூட "உங்க பெரியவருக்கு எத்தனை கன்னுங்க?" என்று கேட்கிற அளவுக்கு ஆனது. ஆசைப்பட்டுச் சில சின்ன வயசுக்காரர்கள் வேண்டுமென்றே தப்பாக அழுத்திப் பார்த்தார்கள். அவர்களுக்கு ஈ கூட வரவில்லை.

பயிற்சியில் சிலருக்குத் தேறியது, அவர்கள் கன்று மெலிந்து மெலிந்து ஒருநாள் மேசை ஏறித் திரைக்குள் போய்விட்டது. சிலருக்குத் தேறவில்லை. ஜெசிந்தா யாரிடமும் பொய் சொல்லவில்லை. "தேயற ஞாபகம் கொஞ்சம் நிதானமாத் தேயும்மா, அதுக்குத்தான் இந்தப் பாடு" என்பாள்.

இத்தனையும் வேடிக்கை பார்த்த வெள்ளிங்கிரி, தனக்கும் ஒரு கன்று வந்தால் என்ன ஆகும் என்பதை மட்டும் நினைக்காமலே இருந்தார். ஏனென்றால் சட்டைப் பைக்குள் டீ கிளாஸோடு அவர் வீட்டுக்கு வந்திருக்கிறார், சாப்பிட்ட கை காயும் முன்னால் "சோறு ஆச்சா?" என்று கேட்டிருக்கிறார். பெண்டாட்டி பாவாயி அதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

வெள்ளிங்கிரிக்கு அப்பன் விட்டுப்போன காடு கழனி இல்லை, படிப்பு இல்லை. சந்தையில் அடுத்தவன் மாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆளாக வந்து, உதை வாங்கி, ஏமாந்து, ஏமாந்த கோபத்திலேயே தொழில் கற்றவர். அவருக்கு இருந்ததெல்லாம் தோளில் ஒரு துண்டும் அதன் கீழே ஒரு கையும்தான். ஓடைக்கல்பாளையம் மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்கிற பழக்கமே கிடையாது. இரண்டு பேர் கையைக் கோத்து, மேலே துண்டைப் போட்டு மறைத்து, விரலைப் பிடித்துப் பிடித்தே பேசுவார்கள். எந்த விரலை எத்தனை தரம் அமுக்கினார்கள் என்பது அந்த இரண்டு கைக்குத்தான் தெரியும். கை கொடுத்தால் கொடுத்ததுதான். எழுத்தும் இல்லை, சாட்சியும் இல்லை. ஒரே மாட்டுக்கு இரண்டு பேரிடம் கை கொடுத்த தரகனின் துண்டைச் சந்தை கூடி உருவி வாசல் வேலமரத்தில் கட்டிவிடும், அதற்கப்புறம் அவன் கையை எவனும் தொடமாட்டான். வெள்ளிங்கிரிக்கு அந்தப் பயம்தான். சாவைப் பற்றி அவருக்குக் கவலையில்லை, அந்த வேலமரத்தைப் பற்றித்தான்.

"ஏனுங்க, ஒருக்கா போய்ப் பாத்துட்டு வரலாமுங்க" என்று பாவாயி நச்சரித்து, அழுது, சோறு போடாமலிருந்து, கடைசியில் அவரை மையத்துக்குக் கூட்டிப் போனாள். அங்கே வருகிற டாக்டர் சோதித்துப் பார்த்து, லேசான மறதி என்று சொன்னார்.

"பாதி மறதின்னு வெச்சுக்கலாமுங்களா?" என்றார் வெள்ளிங்கிரி.

"இது பேரம் இல்லீங்க ஐயா."

"உலகத்துல பேரமில்லாதது எதுங்க டாக்டரே? சரி, உங்களுக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம், வயசுக்கேத்த மறதின்னு முடிச்சுக்கலாம்."

ஜெசிந்தாவிடமும் விடவில்லை. வாரத்துக்கு மூன்று நாள் வரவேண்டும் என்று அவள் சொன்னதும், ஒரு நாள் என்றார். அவள் தலையை ஆட்டியதும் எழுந்து வாசல்வரை போனார், அவள் கூப்பிடுவாள் என்று நின்றார், அவள் கூப்பிடவில்லை, திரும்பி வந்து உட்கார்ந்தார். யாரும் கூப்பிடாமலே திரும்பி வந்த முதல் பேரம் அது, அந்தக் கடுப்பில் மவுஸைப் பிடித்தார். மைதானத்தில் கன்று மின்னி மறைந்தது.

"என்ன அம்மணி இது! ஒரு கன்னைக் காட்டுனா பல்லைப் பாக்க விட வேண்டாமா? கண்ணு சிமிட்டறக்குள்ள ஓட்டிட்டுப் போறானே, இவனென்ன திருடனா?"

திட்டிக்கொண்டே அழுத்தினார், தப்பு. மணி அடிக்கவில்லை. சாம்பல் உடம்பும் கருத்த முகமுமாக ஒரு மயிலைக் கன்று மேசையிலிருந்து இறங்கி வந்து அவர் வேட்டியை மோந்தது.

வெள்ளிங்கிரி அதைப் பின்சந்து வழியாகவே வீட்டுக்கு ஓட்டிப் போனார். கேட்டவர்களிடம், விற்பனைக்கு வந்த கன்று என்றார். நிஜமாகவே விற்றும் பார்த்தார். வாங்கினவன் ஊர் எல்லை தாண்டியதும் கன்று அவன் கையிலிருந்த கயிற்றை மட்டும் விட்டுவிட்டுத் திரும்பி வந்தது. சந்தை நாளில் அது பின்னால் வராமலிருக்க ஒரே வழி, பாவாயி மாட்டுக் கட்டுத்தரையில் உட்கார்ந்து டார்ச் லைட்டை அடித்து அதற்குத் தின்னக் கொடுத்துக்கொண்டே இருப்பதுதான்.

"கட்டிக்கிட்ட நாள்லிருந்து மாட்டுக்குத் தண்ணி காட்டுனேன். இப்ப லைட்டுக் காட்டறேன்" என்பாள் அவள், அலுத்துக்கொண்டாலும் கன்றின் நெற்றியைச் சொறிந்துகொண்டே.

அந்த வியாழக்கிழமை டார்ச்சில் பேட்டரி தீர்ந்துபோனது.

சந்தையில் அப்போது குப்பண்ணன் கொண்டுவந்த காங்கயம் எருது ஜோடியைச் சுற்றித்தான் கூட்டம். அதற்குத் தரகு வெள்ளிங்கிரி. மில் முதலாளி தியாகுவிடம் துண்டுக்குள் கை கொடுத்து, "முடிஞ்சுது!" என்று குரல் விட்டு, அவர் கயிற்றைத் தியாகு ஆளிடம் நீட்டியபோது, ராமாத்தாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். புருஷன் போன பிறகு தனியாகக் காடு பார்க்கிறவள், சந்தையில் துண்டுக்குள் கை நீட்டுகிற ஒரே பொம்பளை.

"ஏனுங்கண்ணா, அது என்ற சோடியில்லீங்களா? வெடியக்காலைல எனக்குத்தானே கை குடுத்தீங்க? வண்டி பேசீட்டு வர்றதுக்குள்ள கயித்தை மாத்தறீங்க?"

வெள்ளிங்கிரி அவளைப் பார்த்தார். காலையில் இட்லி தின்றது ஞாபகம் இருந்தது, மழை தூறியது ஞாபகம் இருந்தது, அவள் கை ஞாபகம் இல்லை. ஞாபகம் இல்லாத இடத்தில் அவருக்கு எப்போதும் வருகிறது வந்தது, கோபம்.

"நானா? உனக்கா? நெனப்பென்ன உனக்கு? ஏமாந்தவன் கெடைச்சான்னு பாத்தியா? பொய்யி! சந்தைக்குள்ள வந்து பொய்ப் பேசறவளை எல்லாம்..."

"வார்த்தையைப் பாத்துப் பேசுங்கண்ணா. நான் பொய் சொன்னா நாளைக்கு எவனும் எனக்கு ஒரு ஆட்டுக்குட்டி குடுக்கமாட்டான். எனக்கும் தெரியும் அது."

தியாகு மீசையைத் தடவினார். "வெள்ளிங்கிரி, சோடி ஒண்ணு, கை ரெண்டா?"

அந்தக் கேள்வி விழுந்ததும் சந்தையே இந்தப் பக்கம் திரும்பியது. தரகர்களில் மூத்தவரான மாரப்பன் முன்னால் வந்தார். வெள்ளிங்கிரிக்கும் அவருக்கும் நெடுநாள் போட்டி. ஒருவர் கையிலிருந்து மற்றவர் பிடுங்காத மாடு அந்தச் சந்தையில் குறைவு. அவர் வேலமரத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாயைத் திறக்கப் போகும்போதுதான், தவிட்டு மூட்டைகளுக்கு நடுவில் புகுந்து, எருதுகளின் வயிற்றுக்கடியில் குனிந்து, அந்த மயிலைக் கன்று வந்தது. பின்னால் செருப்பில்லாமல் பாவாயி ஓடி வந்தாள். கன்று வெள்ளிங்கிரியைத் தாண்டிப் போனது, தியாகுவைத் தாண்டிப் போனது, ராமாத்தாளின் முன்னால் நின்று, அவளுடைய வலது கைக்குக் கீழே தன் கருத்த முகத்தை நுழைத்து, விரல்களை நக்கத் தொடங்கியது.

கன்று எங்கே நிற்கிறதோ அங்கேதான் மறந்தது இருக்கிறது என்பது அந்த நாளில் ஓடைக்கல்பாளையத்துத் தொட்டில் குழந்தைக்கும் தெரியும்.

"வெள்ளிங்கிரி" என்றார் மாரப்பன், "இது யாரு கன்னு? விக்க வந்ததுன்னு சொல்லிக்கிட்டிருந்தியே?"

ஒரு வார்த்தை போதும். ஆமாம், விற்க வந்த கன்று என்று சொன்னால் அது வெறும் கன்று; ராமாத்தாள் பொய்க்காரி; துண்டு தோளில் இருக்கும். வெள்ளிங்கிரிக்கு அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வந்த இடத்தில், ஏமாந்து ஏமாந்து தொழில் கற்ற காலத்தில் தன்னைப் பொய்யன் என்று சொல்லிக் கயிற்றைப் பிடுங்கின முதலாளிகளின் முகமெல்லாம் வந்து நின்றது. அதையெல்லாம் அவர் மறக்கவில்லை. ராமாத்தாள் அழவில்லை, தலையை நிமிர்த்திக்கொண்டு நின்றாள், அவரும் ஒரு காலத்தில் அப்படித்தான் நின்றார்.

"என்ற கன்னு" என்றார். "என்ற மறதி. அந்தம்மாளுக்குக் கை குடுத்தது நெசம். எனக்கு நெனப்பில்லை, ஆனா நெசம்."

கூட்டத்தில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். மாரப்பன் துண்டின் மேல் கை வைத்தார்.

"நில்லு" என்றார் வெள்ளிங்கிரி. குரல் பழையபடி ஏறியது. "உருவறதுன்னா உருவு. ஆனா இந்தச் சந்தைக்குள்ள பேசாம எவனும் எதையும் கொண்டு போனதில்லை. தண்டனைக்கும் வெலை உண்டு. நீட்டு கையை!"

சட்டத்தில் இல்லாத விஷயம், ஆனால் பேரம் என்றதும் அந்தக் கூட்டத்தில் மறுக்கத் தெரிந்தவன் யார்? துண்டு தோளிலிருந்து இறங்கி இரண்டு கைகளுக்கும் மேலே விழுந்தது. பாவாயி கன்றின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

வெள்ளிங்கிரி முதலில் குறைவாகத்தான் கேட்டார்: ஒரு விரல், ஒரு சந்தை தள்ளி நிற்கிறேன். மாரப்பன் பதில் சொல்ல வேண்டும். மாரப்பனின் விரல்கள் வந்தன, அவருடைய சுண்டு விரலைப் பிடித்தன, விட்டன. நடுவிரலைத் தொட்டு யோசித்தன. கடைசியில் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டன. மணிக்கட்டுக்கு எந்தச் சந்தையிலும் எண்ணிக்கை கிடையாது. வெள்ளிங்கிரி நிமிர்ந்து பார்த்தார். துண்டுக்கு மேலே மாரப்பனின் முகம் எப்போதும் போல ஐயனார் மாதிரி விறைப்பாக இருந்தது. துண்டுக்குக் கீழே அந்தக் கை வேர்த்து, வழி தெரியாத ஆள் மாதிரி அவர் மணிக்கட்டை விடாமல் பற்றிக்கொண்டிருந்தது.

எத்தனையோ வருஷம் அந்தக் கையை ஜெயிக்கவென்றே பிடித்தவர் வெள்ளிங்கிரி. இப்போது மாரப்பனுக்கு விரல் கணக்கு மறந்துவிட்டது என்று ஒரு சத்தம் போட்டால் போதும், ஜெயித்துவிடலாம்.

அவர் சத்தம் போடவில்லை. மாரப்பனின் விரல்களை ஒவ்வொன்றாக மெல்லப் பிரித்து, தன் நான்கு விரலையும் சேர்த்து அதற்குள் கொடுத்து, அமுக்கவைத்தார். நான்கு சந்தை, அதாவது ஒரு மாதம். தான் கேட்டதைவிடத் தனக்கே விலையை ஏற்றிக்கொண்ட ஒரே பேரம் அவர் வாழ்க்கையில் அதுதான்.

"ஒத்துக்கிட்டேன், பாவி!" என்று கத்தினார். "எறக்கமே கெடையாதா உனக்கு? மாசம் பூராவா?"

மாரப்பன் கையை விடுவித்துக்கொண்டார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு சந்தைக்குச் சொன்னார்: "கேட்டுக்குங்க. ஒரு மாசம் இவன் கைக்கு லீவு. துண்டு தோள்லயே இருக்கட்டும். அப்பறம் இவன் கை குடுக்கறப்ப அந்தக் கன்னு பக்கத்துல நிக்கோணும்."

"எங்கப்பாரு பின்னாலயும் ரெண்டு கன்னு சுத்துது" என்றார் தியாகு. "போச்சாது, போவட்டும் போ. ஆனா எனக்கு இதைவிட நல்ல சோடி நீதான் புடிச்சுத் தரோணும்."

ராமாத்தாள் கயிற்றை வாங்கிக்கொண்டாள். "ஏனுங்கண்ணா, கை மறந்துது சரி. வாய் மட்டும் ஒண்ணையும் மறக்கலையாட்ட இருக்குது?"

"தப்புத்தான் ஆத்தா" என்றார் வெள்ளிங்கிரி. அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து பாவாயி கேட்டதேயில்லை; கன்றைத் திரும்பிப் பார்த்தாள், இதை ஞாபகம் வைத்துக்கொள் என்பது போல.

அடுத்த வாரம் பயிற்சி மையத்து வாசலில் மாரப்பன் நின்றார்.

"இந்தப் பக்கமா வந்தேன். கயிறு கியிறு வேணுமான்னு கேட்டுட்டுப் போலாம்னு."

"கம்ப்யூட்டருக்கு மூக்கணாங்கயிறு போடறாங்களாக்கும்" என்றார் உள்ளே உட்கார்ந்திருந்த வெள்ளிங்கிரி, திரும்பிப் பார்க்காமலே. "பக்கத்து நாற்காலி காலியாத்தான் இருக்குது. வந்து ஒக்காரு."

ஜெசிந்தா எதுவும் கேட்காமல் மவுஸை அவர் கையில் வைத்தாள். மைதானம் விரிந்தது, வண்டி வந்தது, கன்று வந்தது, போனது. மாரப்பன் அழுத்தினார். மணி அடிக்கவில்லை. வழவழவென்று ஒரு செவலைக் கன்று மேசையிலிருந்து குதித்து, தடுமாறி, நேராக அடுத்த நாற்காலிக்குப் போய், வெள்ளிங்கிரியின் விரல்களை ஒவ்வொன்றாக முகர்ந்தது. மாரப்பன் கண்ணைத் துடைக்கவா மூக்கைத் துடைக்கவா என்று தெரியாமல் துண்டை எடுத்தார்.

வெள்ளிங்கிரி கன்றின் வாயைப் பிளந்தார்.

"காது சிறுசு. திமிலே எழும்பலை. நடை வேற கோணல். இதுக்கு என்ன சொல்றே?"

"உன்ற கன்னு மூஞ்சி அடுப்புக்கரி மாதிரி இருக்குது. நீ சொல்ல வந்துட்டே!"

"மாத்திக்கலாமா?"

"மேல என்ன தருவே?"

"நானா தரோணும்? தள்ளு அந்தத் துண்டை!"

"ஐயா, பயிற்சி நேரம்" என்றாள் ஜெசிந்தா. அதற்குள் வாத்தியார் எழுந்து வந்துவிட்டார், நூல்கடை மாராத்தாள் கூட்டத்தில் முன்னிடம் பிடித்துவிட்டாள். துண்டுக்குள் இரண்டு கைகள் கோத்துக்கொண்டன. இந்த விரலா, அந்த விரலா என்று வெள்ளிங்கிரி நிதானமாக ஒவ்வொன்றையும் பிடித்துக் கொடுக்க, மாரப்பன் ஒவ்வொன்றையும் திருப்பிப் பிடித்தார். கன்றுகள் இரண்டும் துண்டின் அடியில் மூக்கை நுழைத்தன. மேசைமேல் மைதானம் பச்சையாக, காலியாக விரிந்து கிடந்தது. அடுத்த கன்றை விடாமல், பேரம் முடியட்டும் என்று கம்ப்யூட்டர் காத்துக்கொண்டிருந்தது.